சிறுவனின் மூச்சும் வாலிபனின் மூச்சும்



மாலை வேளையில், அஸர் தொழுகை முடிந்த பிறகு, உங்கள் ஊரின் திடல் பக்கம் சென்று பாருங்கள். பன்னிரண்டு, பதினான்கு வயதுச் சிறுவர்களும் இருபத்தைந்து வயது வாலிபர்களும் ஒரே பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். காயல்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் கால்பந்து தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய ஆட்டம். தந்தை ஆடிய திடலிலேயே மகனும் ஆடுவது அங்கெல்லாம் வழக்கம். அத்திடல்களின் ஓரத்தில் நிற்பவர்களிடமிருந்து இரண்டு வாசகங்களை அடிக்கடி கேட்கலாம். "இந்தப் பையனுக்கு மூச்சே இல்லை, பாதி ஆட்டத்தில் களைத்துவிடுகிறான்" என்பது ஒன்று. "சின்னப் பிள்ளைகளுக்குக் களைப்பே தெரியாது, எவ்வளவு வேண்டுமானாலும் ஓடுவார்கள்" என்பது மற்றொன்று.

ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு கூற்றுகளையும் ஒரே மனிதர் ஒரே மாலையில் சொல்லக் கேட்பதும் உண்டு! இவற்றுள் எது உண்மை? சிறுவனுடைய மூச்சுத்திறன் பெரியவருடையதைவிடக் குறைந்ததா, கூடியதா, சமமானதா? விளையாட்டுத் திடலோடு முடிந்துவிடும் கேள்வியன்று இது. ஒரு பிள்ளையை எந்த அளவுகோலால் அளந்து தீர்ப்புச் சொல்கிறோம் என்பதும் இதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையுடன் ஆராய்வோம்.

மூச்சுத்திறன் என்றால் என்ன?

நாம் ஓடும்போது தசைகள் பிராணவாயுவைக் கேட்கின்றன. நுரையீரல் அதனைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கிறது. இரத்தம் சுமந்து செல்கிறது. இதயம் அந்த இரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஓட்டத்தின் வேகம் கூடக் கூட, உடல் நுகரும் பிராணவாயுவின் அளவும் கூடுகிறது. ஆயினும் ஓர் எல்லைக்குப் பிறகு, எவ்வளவு முயன்று ஓடினாலும் அந்நுகர்வு அதற்குமேல் உயர்வதில்லை. அந்த உச்ச வரம்பைத்தான் ஒருவருடைய ஏரோபிக் திறனுக்கு முதன்மையான அளவாக அறிஞர்கள் கொள்கின்றனர்.

இதனை முறையாக ஆராய்ந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டின் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் என்பவர். 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மேதை அவர். முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் ஓடி, வெளிவிட்ட மூச்சை அப்பையில் சேகரித்து அளந்த அவருடைய ஆய்வு 1923இல் வெளியாயிற்று. இன்று அப்பைக்குப் பதிலாக டிரெட்மில் பொறியும் முகமூடியும் கணினியும் வந்துவிட்டன. அடிப்படை முறை மட்டும் மாறவில்லை.

பெரிய உடல் அதிகப் பிராணவாயுவை நுகரும். சிறிய உடல் குறைவாக நுகரும். எனவே இருவரை ஒப்பிட வேண்டுமானால், கிடைத்த அளவை அவரவர் எடையால் வகுத்து, "ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் இத்தனை மில்லி லிட்டர்" என்று கூறுவது வழக்கமாயிற்று. பயிற்சியில்லாத ஆரோக்கியமான வாலிபர் ஒருவருக்கு இது 40 முதல் 45 வரை இருக்கும். உயர்நிலைக் கால்பந்து வீரர்கள் பெரும்பாலோருக்கு 55 முதல் 65 வரை இருக்கும். நெடுந்தூர ஓட்டத்திலும் பனிச்சறுக்கு ஓட்டத்திலும் உலகின் முன்னணியில் நிற்பவர்கள் 80ஐயும் தாண்டுவர்.

ஆட்டம் கேட்கும் விலை

கால்பந்தாட்டத்துக்கு இத்திறன் ஏன் இன்றியமையாதது? 90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். கோல் காவலர் மட்டும் இதற்கு விலக்கு. அந்த ஓட்டம் ஒரே சீரானதன்று. நடை, மெல்லோட்டம், திடீர்ப் பாய்ச்சல், திரும்புதல், எம்புதல் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். ஆட்டம் முழுமைக்கும் சராசரி எடுத்தால், இதயம் தன் உச்சத் துடிப்பில் 80 முதல் 90 விழுக்காடு வரை உழைக்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பின்னும் விரைவில் மூச்சு தெளிந்து அடுத்த பாய்ச்சலுக்கு ஆயத்தமாக வேண்டுமெனில், ஏரோபிக் திறன் உயர்ந்திருக்க வேண்டும்.

சிறுவர்கள் எவ்வளவு ஓடுகிறார்கள்? பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் 60 நிமிட ஆட்டங்களை இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்து 2003இல் வெளியிட்டார்கள். ஒரு சிறுவன் சராசரியாக ஓடிய தூரம் 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர். பெரியவர் ஓடுவது நிமிடத்துக்கு 110 முதல் 130 மீட்டர் வரை. இடைவெளி நாம் நினைப்பதைவிடச் சிறியது! அந்தச் சிறு கால்கள் எவ்வளவு உழைக்கின்றன என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஒரே எண், இரண்டு உடல்கள்

இனி நமது கேள்விக்கு நேராக வருவோம். துனீசிய நாட்டின் விளையாட்டியல் அறிஞர் கரீம் ஷமாரி, நார்வே நாட்டின் உல்ரிக் விஸ்லோஃப் முதலியோருடன் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று 2005இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியாயிற்று. உயர்நிலை வாலிப வீரர்கள் 24 பேர். அவர்களின் சராசரி வயது 24. உயர்நிலைச் சிறுவர்கள் 21 பேர். அவர்களின் சராசரி வயது 14. வாலிபர்களின் சராசரி எடை 75.7 கிலோ, சிறுவர்களின் சராசரி எடை 60.2 கிலோ. உடலிலுள்ள கொழுப்பை நீக்கி, எஞ்சிய எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் உச்சப் பிராணவாயு நுகர்வு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள்.

வாலிபர்களுக்குக் கிடைத்த எண் 66.6. சிறுவர்களுக்குக் கிடைத்த எண் 66.5. இரண்டும் சமம் என்றே சொல்லலாம்!

"அப்படியானால் பதினான்கு வயதுப் பையனும் இருபத்து நான்கு வயது வீரனும் மூச்சுத்திறனில் ஒன்றுதானே?" என்று நீங்கள் வினவலாம். வகுத்து வந்த எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வகுத்த முறையே சரிதானா என்றுதான் அந்த ஆய்வாளர்கள் கேட்டார்கள்.

தேக்சாவும் விறகும்

நம் இல்லத்துத் திருமணங்களில் பிரியாணி சமைக்கும் பண்டாரியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கிலோ அரிசி சமைக்க ஒரு கட்டு விறகு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ அரிசிக்கு ஐம்பது கட்டு விறகு வேண்டும் என்று அவர் சொல்வாரா? மாட்டார். பெரிய தேக்சா தனக்குள் இருக்கும் பொருளின் அளவோடு ஒப்பிட, குறைந்த வெப்பத்தையே வெளியே இழக்கிறது. சிறிய சட்டி தன் அளவுக்கு அதிகமாகவே இழக்கிறது. ஆகவே "கிலோவுக்கு இத்தனை விறகு" என்னும் கணக்கால் சிறு சட்டியையும் பெரிய தேக்சாவையும் ஒப்பிட்டால், பாவம், சிறு சட்டிதான் ஊதாரி என்று பெயர் வாங்கும்.

உயிருள்ள உடல்களுக்கான விதி இதைவிடச் சிக்கலானது; காரணங்களும் வேறு பல. எனினும் விளைவு இதனை ஒத்திருக்கிறது. உடலின் எடை கூடும் அதே விகிதத்தில் அதன் எரிபொருள் தேவை கூடுவதில்லை; சற்றுக் குறைந்த விகிதத்திலேயே கூடுகிறது. மாக்ஸ் கிளைபர் என்னும் அறிஞர் 1932இலேயே பல்வேறு விலங்குகளின் அளவுகளை ஒப்பிட்டு இதனை எடுத்துரைத்தார். எடை இரட்டிப்பானால் தேவை இரட்டிப்பாவதில்லை என்பதே அதன் சாரம்.

ஷமாரி குழுவினரும் தம் வீரர்களிடையே இத்தகைய ஒரு விகிதத்தையே கண்டார்கள். அவர்களுடைய கணக்கின்படி, கொழுப்பு நீங்கிய எடை இரு மடங்கானால் உச்சப் பிராணவாயு நுகர்வு ஏறத்தாழ 1.65 மடங்கு ஆகும். சாதாரண வேகத்தில் ஓடுவதற்கான செலவோ ஏறத்தாழ 1.5 மடங்கு ஆகும். இந்த விகிதங்களைக் கொண்டு சீர்செய்து மீண்டும் ஒப்பிட்டபோது காட்சி மாறிவிட்டது. சமம் என்று தோன்றிய உச்ச நுகர்வில் வாலிபர்கள் சிறுவர்களைவிட 5 விழுக்காடு உயர்ந்து நின்றார்கள்.

யார் ஊதாரி?

அந்த ஆய்வின் இன்னொரு பாதி பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் மேலும் முக்கியமானது. ஒரே வேகத்தில் இருவரையும் ஓடவிட்டு, ஒரு கிலோவுக்கு ஆகும் பிராணவாயுச் செலவை அளந்தபோது, சிறுவர்கள் வாலிபர்களைவிட 13 விழுக்காடு அதிகம் செலவழித்தார்கள். பழைய கணக்கை மட்டும் நம்பும் பயிற்சியாளர் என்ன சொல்வார்? "இப்பையன்களுக்கு ஓடத் தெரியவில்லை. சக்தியை வீணாக்குகிறார்கள். ஓடும் முறையைத் திருத்த வேண்டும்" என்பார். ஆனால் உடலளவுக்குரிய விகிதத்தைக் கொண்டு சீர்செய்தபோது அந்த 13 விழுக்காடு மறைந்தே போயிற்று! சிறுவர்களின் ஓட்டத்தில் குறையில்லை. உடல் சிறியது, அவ்வளவே. சிறு சட்டி ஊதாரியன்று.

ஆனால் வாசகர்களே, இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குற்றம் பையனுடையதன்று என்பதால் அவன் சுமக்கும் பாரம் குறைந்துவிடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவருடைய உச்ச வரம்பும் கிலோவுக்கு ஒன்றே. ஒரே வேகத்தில் ஓடும்போது சிறுவனுக்குச் செலவு 13 விழுக்காடு அதிகம். அப்படியாயின், வாலிபன் தன் உச்சத்தில் 70 விழுக்காட்டைச் செலவிட்டு ஓடும் வேகத்தில், அவன் பக்கத்திலேயே ஓடும் சிறுவன் தன் உச்சத்தில் ஏறத்தாழ 79 விழுக்காட்டைச் செலவிடுகிறான். வாலிபன் பேசிக்கொண்டே ஓடுவான்; சிறுவனுக்கோ மூச்சு இரைக்கும். "உன்னோடு ஓடியவன் களைக்கவில்லையே, நீ மட்டும் ஏன் களைத்தாய்?" என்று அவனைக் கடிந்துகொள்வது எவ்வளவு பொருந்தாத செயல்!

"சின்னப் பிள்ளைகளுக்குக் களைப்பே தெரியாது" என்னும் மற்றக் கூற்றுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. குறும்பாய்ச்சல்களுக்குப் பின் சிறுவர்கள் பெரியவர்களைவிட விரைவில் தெளிந்துவிடுகிறார்கள் என்பது மெய்தான். ஓடி விழுந்து, எழுந்து, அடுத்த நிமிடமே மறுபடி ஓடுவதைப் பார்க்கிறோம். அதைக் கண்டு, பெரியவர்களின் வேகத்துக்கு நெடுநேரம் அவர்களால் ஈடுகொடுக்க முடியும் என்று முடிவு கட்டலாகாது. விட்டுவிட்டு ஓடுவது அவர்களுக்கு இயல்பு. விடாமல் பெரியவர் வேகத்தில் ஓடுவது அவர்களுக்குச் சுமை.

வளர்ச்சியே ஒரு பயிற்சியாளர்

மேலே கண்ட இரு விகிதங்களையும் மறுபடி நோக்குங்கள். எடை கூடும்போது ஓட்டச் செலவு மெதுவாகக் கூடுகிறது; உச்ச வரம்பு அதைவிடச் சற்று வேகமாகக் கூடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள இருப்பு, பிள்ளை வளர வளரத் தானாகவே பெருகுகிறது. கிலோவுக்கான உச்ச அளவு ஆண்பிள்ளைகளுக்குப் பால்ய வயது முதல் பருவ வயது வரை பெரிதும் மாறாமல் இருந்தும், அவர்களுடைய ஓட்டம் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறுவதைக் காண்கிறோமே, அதன் இரகசியங்களுள் ஒன்று இதுவே. இதயம் பெரிதாகிறது, இரத்தத்தின் அளவு கூடுகிறது, பருவ வயதில் ஆண்பிள்ளைகளின் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் உயர்கிறது. இவற்றை எந்தப் பயிற்சியாளராலும் அவசரப்படுத்த முடியாது.

அவ்வாறாயின் பயிற்சியால் பயனில்லையா? உண்டு, ஆனால் உரிய வயதில், உரிய அளவில். நார்வே நாட்டின் ட்ரோண்ட்ஹெய்ம் நகர ஆய்வாளர் யான் ஹெல்கெருட் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சராசரியாக 18 வயதுடைய இளநிலை வீரர்கள் 19 பேர் அதில் பங்குகொண்டார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான பயிற்சியோடு, வாரத்துக்கு இருமுறை, நான்கு நிமிட வேக ஓட்டத்தை நான்கு தடவை ஓடினர். ஓட்டங்களுக்கிடையே மூன்று நிமிட மெல்லோட்டம். ஓடும்போது இதயம் உச்சத் துடிப்பில் 90 முதல் 95 விழுக்காட்டை எட்ட வேண்டும். எட்டு வாரங்களில் அவர்களுடைய உச்ச அளவு 58.1இலிருந்து 64.3ஆக உயர்ந்தது. ஆட்டத்தில் அவர்கள் ஓடிய தூரம் 20 விழுக்காடு கூடிற்று. பாய்ச்சல்களின் எண்ணிக்கை இரு மடங்காயிற்று. பந்தோடு ஈடுபட்ட தருணங்கள் 24 விழுக்காடு கூடின. அந்த நேரத்தைப் பந்து நுணுக்கப் பயிற்சியில் மட்டும் செலவிட்ட மறுபிரிவினரிடம் இத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளையே உங்கள் பன்னிரண்டு வயது மகனை மணலில் ஓடவிட்டுவிடாதீர்கள்! அந்த ஆய்வில் ஓடியவர்கள் வளர்ச்சியை ஏறத்தாழ முடித்துவிட்ட, தேர்ந்த வீரர்கள். சிறுவர்களுக்கு அதே பயனைப் பந்தே தரும். சிறிய திடலில் ஐவருக்கு ஐவர் என்று ஆடும் ஆட்டத்திலேயே இதயத் துடிப்பு உச்சத்தின் 90 விழுக்காட்டைத் தொடுவதை வாலிப வீரர்களை வைத்து நார்வே ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொருவனுக்கும் பந்து அடிக்கடி கிடைக்கும். நிற்பதற்கு நேரம் இராது. ஓடுகிறோம் என்ற நினைவே இல்லாமல் ஓடுவான். நம் ஊர்ச் சந்துகளில் நான்கு செங்கற்களைக் கோல் கம்பங்களாக்கி ஆடும் ஆட்டம் இதைத்தான் காலங்காலமாகச் செய்து வருகிறது.

வயது ஒன்று, வளர்ச்சி வேறு

ஒரே வகுப்பில் பயிலும் பதினான்கு வயது மாணவர் இருபது பேரை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருவன் இன்னும் குழந்தை முகத்தோடு நிற்பான். பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் ஆசிரியன் என்ற முறையில் இந்த வேறுபாட்டை நான் ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். ஆண்பிள்ளைகளின் உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாக 14 வயதையொட்டி வருகிறது. சிலருக்கு ஓரிரு ஆண்டு முந்தும், சிலருக்குப் பிந்தும். ஆகவே சிறுவனுக்கும் வாலிபனுக்கும் இடையே நாம் கண்ட அதே வேறுபாடு, ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு இடையிலும் சிறிய அளவில் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

அணித் தேர்வின்போது இது பெரும் அநீதிக்கு வழிவகுக்கிறது. முந்தி வளர்ந்தவன் வேகமாக ஓடுகிறான், தேர்ந்தெடுக்கப்படுகிறான். பிந்தி வளர்பவன், பந்தைக் கையாள்வதில் கெட்டிக்காரனாக இருந்தும், "மூச்சு போதாது" என்று ஒதுக்கப்படுகிறான். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் வயதுப் பிரிவுகளுக்கு ஜனவரி 1ஆம் நாள் எல்லையாக இருக்கிறது. அப்பிரிவுகளில் தேர்வாகும் சிறுவர்களுள் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாகவும் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. டிசம்பரில் பிறந்தவனுக்குத் திறமை குறைவா என்ன? பதினொரு மாத வளர்ச்சிதான் குறைவு. ஈராண்டுகள் பொறுத்திருந்தால் அவனும் எட்டிப்பிடித்திருப்பான். அதற்குள் அவன் பந்தையே கைவிட்டிருந்தால் அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

பெற்றோரின் கவனத்திற்கு

இதுகாறும் கண்டவற்றிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை சில உள்ளன.

முதலாவதாக, உங்கள் மகனை அவனுடைய அண்ணனோடும் அடுத்த வீட்டு வாலிபனோடும் ஒப்பிடாதீர்கள். ஆறு மாதங்களுக்கு முன் அவன் எப்படி ஓடினான், இன்று எப்படி ஓடுகிறான் என்று அவனை அவனோடே ஒப்பிடுங்கள். பிழையில்லாத ஒப்பீடு அதுவே.

இரண்டாவதாக, கலந்து ஆடும்போது ஆட்ட நேரத்தையும் திடலின் அளவையும் சிறுவர்களுக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுமாறு மூத்தவர்களிடம் சொல்லுங்கள். இடையிடையே ஓய்வும் தண்ணீரும் கட்டாயம். வெயில் தாழ்ந்த பிறகு ஆடுவதே நலம்.

மூன்றாவதாக, வேகமாக உயரும் பருவத்தில் முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழேயோ குதிகாலிலோ வலி என்று பிள்ளை சொன்னால், "சோம்பேறித்தனம்" என்று தள்ளிவிடாதீர்கள். தசைநாண் எலும்போடு சேரும் இடம் அவ்வயதில் இன்னும் முதிராமல் இருப்பதால், அதிக ஓட்டம் அங்கே வலியை உண்டாக்கும். ஆட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். இதயத்தைப் பரிசோதிக்காமல் மீண்டும் திடலுக்கு அனுப்பாதீர்கள்.

நான்காவதாக, மூச்சுத்திறன் அணியில் இடம்பெறும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் நன்கு மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு அதில் இல்லை. வீட்டு முற்றத்தில் கயிறு தாண்டுவதும், மாடியில் ஓடிப்பிடித்து விளையாடுவதும் இதில் அடங்கும். மகனைத் திடலுக்கு அனுப்பிவிட்டு, மகளை மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

ஓரிடத்தில் ஒருவனுக்கு மூச்சு இரைக்கிறது என்றால், அவன் யார் வேகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும். அவனுடைய வேகத்தில் அவனை ஓடவிடுங்கள். எஞ்சியதை அவனுடைய எலும்பும் இரத்தமும் இன்னும் சில ஆண்டுகளில் பார்த்துக்கொள்ளும்.